எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடக்கக் கிளம்பும் முன்: சமவெளிக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

வழியில் உள்ள டிங்போச்சே என்ற மலைக்கிராமத்தில் எங்கள் குழுவில் முதலில் படுத்தவர், குழுவிலேயே திடமான ஆள். வயது 31, மாரத்தான் ஓடுபவர். நாம்சே ஏற்றத்தில் எங்களையெல்லாம் விட்டுவிட்டு முன்னால் போய், நாங்கள் மூச்சு வாங்கி மேலே வந்தபோது இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து, 4,410 மீட்டர் உயரத்தில், லாட்ஜ் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார். தட்டில் வைத்த உருளைக்கிழங்கு தொடாமல் ஆறிக்கொண்டிருக்கிறது. எதிரே, வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய 58 வயது அக்கா இரண்டாம் முறை பருப்பு கேட்டு வாங்குகிறார். வழி நெடுக எங்களில் கடைசியாக வந்தவர் அவர்தான்.

அந்த மேசையைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உயரத்துக்குத் தயாராவது என்றால் நாம் எல்லோரும் காலையும் மூச்சையும் நினைக்கிறோம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் மேலே மருந்து என்று ஒன்று உண்டென்றால் அது நாள். கையில் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், அதை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் பாதிக்கு மேல்.

மேலே உடம்புக்குள் என்ன நடக்கிறது

பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், மெரினாவில் இருக்கும் அதே விகிதம். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஆகவே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதி.

உடம்பு உடனே செய்வது, வேகமாக மூச்சு விடுவது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் மூளை "போதும், மூச்சைக் குறை" என்கிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட்டை வெளியே தள்ளினால்தான் உடம்பால் தொடர்ந்து வேகமாக மூச்சு விட முடியும். அதற்குச் சில நாள் பிடிக்கும். நீங்கள் பத்து கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுவீர்கள் என்பதற்காகச் சிறுநீரகம் அவசரப்படாது. திடமானவர் வேகமாக நடந்து, அது வேலையை முடிக்கும் முன்பே மேலே போய் உட்கார்ந்துவிடுகிறார். அதுதான் வித்தியாசம்.

1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் போன குழு காட்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்தே நடந்தது. தெங்போச்சே மடாலம் சேர இரண்டு வாரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நடையிலேயே உடம்பு பாதி பழகிவிட்டது. 1964-இல் லுக்லாவில் ஹிலாரி முன்னின்று விமானத்தளம் அமைத்தார். இன்று சுமார் அரை மணி நேரத்தில் காட்மாண்டுவிலிருந்து சுமார் 2,850 மீட்டரில் இறங்கிவிடலாம். விமானம் நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பது அந்த நாட்களைத்தான். கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். லீவு இருப்பவர்கள் ஜிரியிலிருந்து பழைய பாதையில் நடந்து வரலாம். ஏறத்தாழ ஒரு வாரம் கூடுதல். நான் நடந்ததில்லை, அடுத்த முறை அப்படித்தான்.

முதல் படி: காலண்டரை எடுங்கள்

ஷூ வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு இரவு. பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, இரவு எங்கே தலை சாய்க்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கோடு வழக்கமான 12 நாள் திட்டத்தைப் பாருங்கள். லுக்லா, பாக்டிங் (2,610), நாம்சே பஜார் (3,440), அங்கே இன்னொரு இரவு, தெங்போச்சே (3,860), டிங்போச்சே (4,410), அங்கேயும் இன்னொரு இரவு, லோபுச்சே (4,940), கோரக்ஷெப் (5,164), பேஸ் கேம்ப் தொட்டுத் திரும்பல். பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் தாண்டுகிறோம். நாம்சேயில் முதல் இரவு பலருக்குத் தலை வலிப்பதில் ஆச்சரியமே இல்லை.

நான் செய்யச் சொல்லும் திருத்தங்கள் மூன்று. முதல் இரவு பாக்டிங்கில் நிற்காமல், தெம்பிருந்தால் இன்னும் சில மணி நேரம் நடந்து மோஞ்சோவில் (2,835) தூங்குங்கள். மறுநாள் ஏற்றம் குறையும். நாம்சேயில் இரண்டு இரவுக்குப் பதில் மூன்று. டிங்போச்சேயிலிருந்து லோபுச்சே போகும் வழியில் துக்லாவில் (4,620) ஓர் இரவு. மொத்தம் 14 நாள் ஆகும். அதற்கு மேல் காட்மாண்டுவில் இரண்டு நாள் சும்மா கையிருப்பு. அலுவலகத்தில் மூன்று வாரம் லீவு கேட்க வாய் வரவில்லை என்றால், இந்த வருடம் வேறு சிறிய ட்ரெக் போங்கள். லீவுக்குத் தகுந்தபடி உயரத்தைச் சுருக்க முடியாது.

மாதம் என்று பார்த்தால் மார்ச் கடைசி முதல் மே வரை, இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். அக்டோபரில் வானம் தெளிவு, கூட்டம் அதிகம்.

இரண்டாம் படி: ரத்தப் பரிசோதனை, நான்கு மாதத்துக்கு முன்பே

இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. நம் ஊரில், முக்கியமாகப் பெண்களில், அது தெரியாமலேயே இருப்பவர்கள் ஏராளம். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்து நிலைமை சீராக மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் நான்கு மாதம். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ரிப்போர்ட் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை.

கூடவே இரத்த அழுத்தம், சர்க்கரை. 40 தாண்டியவர்கள் இதயத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆஸ்துமா இருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர், ட்ரெக் ஏஜென்ட் அல்ல. பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோபுச்சேயில் பல்வலி வந்தால் கிராம்புதான் கதி.

மூன்றாம் படி: மாடிப்படி

சென்னையில் ஏற்றம் என்று ஒன்று இல்லை. இருப்பது மாடிப்படி. நான் பயிற்சி செய்தது எங்கள் அடுக்குமாடியின் பத்து மாடியில். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வையுங்கள், ஒருமுறை மேலே போனால் 30 மீட்டர். மோஞ்சோவிலிருந்து நாம்சே 600 மீட்டர். அதாவது 20 தடவை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் வாரம் நான்கு தடவை, வெறும் கையோடு. வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டுங்கள். ஆறாம் வாரத்திலிருந்து முதுகில் பை, அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. பன்னிரண்டாம் வாரத்துக்குள் ஏழு கிலோவோடு 20 தடவை ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் ஒரே காலையில் முடிக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கி வார்த்தை துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள். இந்த வேகத்தைக் கால் மனப்பாடம் செய்ய வேண்டும். மேலே உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான்.

இறங்கும்போது லிஃப்டில் இறங்காதீர்கள். முழங்காலையும் தொடையையும் உடைப்பது இறக்கம். அதற்குப் பழக்கம் இறங்கினால்தான் வரும். எங்கள் வாட்ச்மேன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "சார், லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது சார்" என்றார். பையில் செங்கல் இருக்கிறது என்று சொன்னதும் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் மாடி, இரண்டு நாள் ஒரு மணி நேர வேக நடை அல்லது மெதுவான ஓட்டம், ஒரு நாள் தொடைக்கும் இடுப்புக்கும் உட்கார்ந்து எழும் பயிற்சி, ஒரு நாள் முழு ஓய்வு. மாதம் ஒருமுறை உண்மையான மலை. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி. ஏழு மலையும் ஏறி இறங்கி மறுநாள் காலை எழுந்து மறுபடி மூன்று மணி நேரம் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ட்ரெக்கில் தினமும் நடக்க வேண்டியிருக்கிறது, ஒருநாள் சாதனைக்கு அங்கே மதிப்பில்லை. வெள்ளியங்கிரியில் பெண்களுக்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் குழுவின் அக்கா பர்வதமலைக்குப் போனார். பழனியின் 693 படியை ஒரே காலையில் மூன்று தடவை ஏறியதாகவும் சொன்னார். புண்ணியமும் கூடியிருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் காலுக்குத்தான், உயரத்துக்கு அல்ல. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஊட்டியில் ஒரு வாரம் தங்கினாலும் கோரக்ஷெப்புக்கு உடம்பு பழகாது. முகத்தில் மாட்டிக்கொண்டு ஓடும் மாஸ்க் மூச்சு இழுப்பதைக் கடினமாக்கும், காற்றழுத்தத்தைக் குறைக்காது. காசு மிச்சம்.

நான்காம் படி: ஷூவும் துணியும்

நான் செய்த பெரிய தப்பு ஷூவில். கடையில் காலுக்குக் கச்சிதமாக இருந்ததை எடுத்தேன். திரும்பி இறங்கும்போது விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் போய் இடித்து, இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, ஊர் வந்து ஒரு மாதத்தில் விழுந்தன. சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், ட்ரெக்கில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போய் வாங்குங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழைய வேண்டும். வாங்கிய பிறகு குறைந்தது 80 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும். கிளம்பும் முந்தைய நாள் நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

துணியில் ஒரே விதி, உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். நம் ஊர் பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் ஐஸ் மாதிரி ஒட்டும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், நின்றால் போட்டுக்கொள்ள இறகு ஜாக்கெட். நடக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் வியர்க்கும். இறகு ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேகும் காட்மாண்டு தமேலில் வாடகைக்குக் கிடைக்கும். வாழ்க்கையில் ஒருமுறை போடப்போவதைச் சென்னையில் விலை கொடுத்து வாங்காதீர்கள். கைத்தடி இரண்டு, தலை விளக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, வாயை மூடிக்கொள்ள ஒரு துணி. கடைசியில் சொன்னது அற்பமாகத் தெரியும். மேலே காற்று அவ்வளவு வறண்டது, அதனால் வரும் இருமலுக்கு அந்தப் பகுதியின் பெயரை வைத்துக் கும்பு இருமல் என்றே பெயர் உண்டு. துணி வழியாக மூச்சு விட்டால் தொண்டை கொஞ்சம் தப்பிக்கும்.

லுக்லா விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பை உட்பட.

ஐந்தாம் படி: மாத்திரையும் சாப்பாடும்

அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பது. அறிகுறியை மறைக்கும் மாத்திரை என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் அது முடுக்கிவிடுகிறது. தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, மாலை. ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா கலந்த பானம் வாயில் விளங்காது. ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டாம். இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

சாப்பாடு தால் பாத்தான். சோறு, பருப்பு, ஒரு கூட்டு, கேட்டால் மறுபடி வைப்பார்கள். நம் வயிற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்? நாம்சேக்கு மேல் கறி வேண்டாம். அந்தப் பக்கத்தில் உயிர் வதை செய்வதில்லை, கறி கீழிருந்து நாள் கணக்கில் சுமந்து வருகிறது. 4,000-த்துக்கு மேல் பசியே போய்விடும், அப்போதும் சாப்பிட வேண்டும். அதற்கென்று வீட்டிலிருந்து நாக்குக்குப் பிடித்த ஏதாவது கொண்டுபோங்கள். எங்கள் குழுவைக் காப்பாற்றியது அரைக் கிலோ பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும். கடலைமிட்டாய் தோற்றது. லோபுச்சே குளிரில் அது கருங்கல்லாகிவிட்டது, பல்லால் கடிக்க முடியாமல் கைத்தடியால் தட்டி உடைத்தோம். இஞ்சி மரப்பா மென்மையாகவே இருந்தது.

தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர். குளோரின் மாத்திரை போட்டால் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. படுக்கும் முன் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேகுக்குள் காலடியில் வையுங்கள். கால் சூடாகும், காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் இருக்கும். போனும் பவர் பேங்கும் அதே பேகுக்குள் தூங்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும்.

ஆறாம் படி: தாளும் காசும்

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது. சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கும் கும்பு ஊராட்சிக்கும் தனித்தனி அனுமதிக் கட்டணம். சார்க் நாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை எடுத்து நீட்டுங்கள். நேபாள ரூபாய் நோட்டாகவே நிறைய வைத்துக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160. மேலே போகப் போக வெந்நீர், சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு, உயரத்தோடு விலையும் ஏறும்.

காப்பீட்டில் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை பொருந்தும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இந்த உயரம் அடங்காது. அதே நேரம், லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரைக் கூப்பிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்குங்கள். போலி மீட்பு வைத்துக் காப்பீட்டுப் பணம் கறப்பது பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது.

கைடும் போர்ட்டரும் அமர்த்துங்கள். பேரம் பேசும்போது போர்ட்டருக்குக் காப்பீடும், மேலே போட நல்ல துணியும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருவருக்கு ஒரு போர்ட்டர், ஆளுக்குப் பத்து கிலோவுக்குள் கட்டினால் நியாயம்.

மேலே போன பிறகு

போர்ட்டர்கள் நடப்பதைக் கவனியுங்கள். நெற்றியில் பட்டை, முதுகில் கூடை, கையில் டி வடிவக் கட்டை. ஒரு ஐம்பது அடி, கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றபடியே ஓய்வு, மறுபடி ஐம்பது அடி. அவசரமே கிடையாது. எங்கள் கைடு நாள் முழுக்கச் சொன்ன ஒரே சொல் "பிஸ்தாரை", மெதுவாக. மாரத்தான்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

யாக் வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். தொங்குபாலத்தில் அது ஏறிவிட்டால் நீங்கள் காத்திருங்கள். புத்த மந்திரம் செதுக்கிய மணிக்கற்கள் வந்தால், அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி இடப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். ஓய்வு நாளில் படுத்துக் கிடக்காமல் 300, 400 மீட்டர் ஏறிவிட்டுத் திரும்பித் தூங்குங்கள்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைக்க மனசு ஆசைப்படும். விதி மூன்று. அறிகுறி இருக்கும்போது மேலே போய்த் தூங்கக்கூடாது. இருந்த இடத்தில் மோசமானால் இறங்க வேண்டும். அறிகுறி உள்ளவரைத் தனியாக விடக்கூடாது. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இருமலில் நுரை வந்தாலோ நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டிலும் நடு இரவானாலும் இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சீசனில் பெரிச்சேயில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவமனை திறந்திருக்கும். மாலையில் உயர நோய் பற்றி அவர்கள் நடத்தும் வகுப்பில் கட்டாயம் உட்காருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 80 சொச்சம் காட்டினால் கோரக்ஷெப்பில் அது சகஜம், எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

எங்கள் நண்பர் லாட்ஜ் நடைபாதையின் பலகை இடுக்கில் நேராகத்தான் நடந்தார். ஆனால் இரவு இரண்டு முறை வாந்தி. காலையில் கைடின் உதவியாளரோடு தெங்போச்சேக்கு இறங்கினார். அன்று சாயங்காலமே பசி வந்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாராம். இன்னும் இரண்டு நாள் கையில் இருந்திருந்தால் அவர் மெதுவாக மறுபடி ஏறியிருப்பார். அவரிடம் இருந்தது நாலாம் நாள் லுக்லா டிக்கெட்.

பேஸ் கேம்ப்பைப் பற்றி ஒரு முன்னறிவிப்பு: அங்கிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. கல்லும் பனியும் கொடிகளும், எதிரே கும்பு பனியருவியும்தான். உச்சி தெரிய வேண்டுமென்றால் மறுநாள் விடியும் முன் காலா பத்தர் ஏற வேண்டும், 5,500 மீட்டருக்கு மேல். தெம்பு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் காலா பத்தரைச் சொல்வேன்.

இறங்குவதற்கு மூன்று நாள் போதும். கைத்தடியை ஒரு கை நீளம் கூட்டாமல், நாலு விரற்கடை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள், முழங்கால் வாழ்த்தும். லுக்லாவில் மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவு, கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். சீசனில் விமானம் பெரும்பாலும் காட்மாண்டுவுக்குப் பதில் மந்தலிக்குத்தான் போகும், அங்கிருந்து ஜீப்பில் நாலைந்து மணி நேரம். நாங்கள் இரண்டு நாள் லுக்லாவில் உட்கார்ந்தோம். சென்னை டிக்கெட்டை மூன்றாம் நாளுக்குப் போட்டிருந்தோம், அதனால் சீட்டு விளையாடிக்கொண்டே உட்கார முடிந்தது. பக்கத்து மேசையில் நான்கு பேர் போனில் விமான நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.